பத்துக்கும் இருபதுக்கும் நடுவே

ஆறே வரியில் என்ன திருட்டு நடந்துவிடப் போகிறது என்று நினைத்துத்தான் அந்தச் சட்டத்தைப் போட்டார்கள். பாவம், எழுதியிருக்கிற இடத்தில்தான் திருட்டு நடக்கும் என்று நம்பியிருந்தார்கள்.

அதற்கு முன் பதினைந்து வருடங்களாக எல்லாவற்றையும் யந்திர மூளைகள்தான் முடிவு செய்துகொண்டிருந்தன. யாருக்கு வீடு, யாருக்கு வேலை, யாருக்கு ஆபரேஷன் என்று. எனக்கு ஏன் இல்லை என்று கேட்டால், ஆயுள் முழுக்க உட்கார்ந்து படித்தாலும் தீராத அளவுக்கு எண்களை அள்ளிக் கொட்டின. ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. 2044-ல் வந்த சட்டம் எளிமையானது. பொதுக் குலுக்கல் எதுவானாலும், அதை நடத்தும் கம்ப்யூட்டர் நிரலைச் சபையில் ஒருவர் வரி வரியாக உரக்க வாசிக்க வேண்டும். வாசிப்பது கேட்பவருக்குப் புரிய வேண்டும். அது ஓடுகிற யந்திரம் எந்த வலையோடும் இணைந்திருக்கக் கூடாது.

அப்படி ஒரு யந்திரத்துக்கு எங்கே போவது? பரணில் இருந்தது. 1980-களில் டி.வி.யோடு ஒயரை மாட்டி, டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டு ஓட்டிய வீட்டுக் கம்ப்யூட்டர். அதில் பேசிக் என்றொரு மொழி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எண். சட்டம் வந்த ஆறே மாதத்தில் ஊரெங்கும் பேசிக் பைத்தியம் பிடித்தது. சங்கம் வைத்தார்கள், மாநாடு போட்டார்கள். ஒரு வரிகூட எழுதியறியாதவர்கள் 10, 20, 30 என்று அச்சடித்த பனியனில் திரிந்தார்கள். கேசட் ஓடும்போது வருகிற கீச்சுச் சத்தத்தைக் கைப்பேசியில் மணியோசையாக வைத்துக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டுத் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்ட எங்களைக் கேட்டால் அதன் அருமையைச் சொல்லுவோம்.

நான் துளசிமணி. வயது எண்பத்தொன்று. கோவை மாவட்டத்தின் நிரல் வாசிப்பாளர். சபையில் வாசிக்க வேண்டியது நான். குலுக்கல் யந்திரமும் என் பொறுப்பில், சிங்காநல்லூரில் என் வீட்டு முன்னறையில்தான் இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை நாச்சிமுத்து அண்ணன் வந்தார். பழைய கணினி அன்பர் சங்கத்தின் தலைவர். எண்பத்து நாலு வயது. ‘1986-ன் நேர்மையான நிரலை’ எழுதியவர் என்று பள்ளிக்கூடப் பாடத்தில்கூட வந்துவிட்ட மனிதர். அந்த நிரலை எழுதியது நான். ஏன் அவர் பெயரில் இருக்கிறது என்பதற்கு வருகிறேன்.

அவர் கை இரண்டும் ஆடிக்கொண்டே இருந்தன. காப்பியை அரை டம்ளர்தான் ஊற்றினேன். முழுக்க ஊற்றினால் சட்டையில் போய்விடும் என்ற இரக்கம்தான். அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போது எனக்கே கோபம் வருகிறது.

“ஏனம்மிணி, சௌக்கியமா?”

“இருக்கறனுங்ணா. உக்காருங்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். “வர்ற ஞாயித்துக்கெழம குலுக்கலுக்கு நம்ம நிரலைத்தான் போடறாங்க. கமிட்டி ஒத்துக்கிச்சு. மூணு வருஷமா நடையா நடந்தேன்.”

அது நரம்பு மீட்பு சிகிச்சைக்கான குலுக்கல். கை ஆட்டத்தில் ஆரம்பித்து, ஒரு வருடத்தில் சோற்றை விழுங்க முடியாமல் போகிற அந்த நோய்க்கு அது ஒன்றுதான் மருந்து. மாவட்டத்துக்கு வருடம் ஒருவருக்குக் கிடைக்கும். கோவையில் அறுநூற்று நாற்பது பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஒன்றிலிருந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை அவரவர் விரும்பிய டோக்கன் எண்ணை அவரவரே எடுத்துக்கொள்ளலாம். வண்டிக்கு ராசியான நம்பர் தேடுகிற ஊர் இல்லையா?

“நீங்களும் விண்ணப்பம் போட்டிருக்கறீங்களாமா?”

“போட்டிருக்கறேன்.” காப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஐநூத்து அறுபத்து நாலு.”

கேசட்டை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

அந்த எண்ணை நான் அறுபத்தொரு வருடமாக மறக்கவில்லை. 1986-ல் நாச்சிமுத்து அண்ணனும் நானும் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். ஊரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மெஷின் ஒன்று வந்தது. அதில் ஒரே ஒரு இடம். கேட்டவர்கள் நூற்று நாற்பது பேர். சீட்டுக் குலுக்கினால் கை சாமர்த்தியம் காட்டிவிடுவார்கள், கம்ப்யூட்டர் லஞ்சம் வாங்காது என்று எங்கள் சென்டரிடம் வந்தார்கள். நிரல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. அந்த நூற்று நாற்பது பேரில் ஒருவன் என் தம்பி தண்டபாணி. பதினேழு வயது. ஒன்றிலிருந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை அவரவரே எண் எடுக்கும் வழக்கம் அன்றைக்கும் உண்டு. பாணி 170 எடுத்தான். ஆஸ்பத்திரியில் உயரம் அளந்தபோது 170 சென்டிமீட்டர் இருந்தானாம். வார்டு முழுக்க அதையே சொல்லிப் பெருமையடித்தான்.

அந்தப் பழைய யந்திரங்களில் ஒரு கோளாறு உண்டு. தற்செயலாக ஓர் எண்ணைச் சொல் என்றால் சொல்லும். ஆனால் நிறுத்திவிட்டு மறுபடி போட்டுக் கேட்டால் அதே எண்ணைத்தான் சொல்லும். எத்தனை முறை நிறுத்திப் போட்டாலும் அதே. அதைக் கலைக்க ரேண்டமைஸ் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி இருந்தால் யந்திரம் நின்று, “விதை எண்?” என்று கேட்கும். சபையில் யாராவது ஓர் எண்ணைப் போட்டால் அதிலிருந்து கணக்குப் போட்டு வேறொரு எண்ணைச் சொல்லும்.

குலுக்கல் நடந்த அன்று நான் போகவில்லை. பாணிக்கு மூச்சு வாங்கியது, பக்கத்தில் இருந்தேன். 564 வந்தது. அந்த எண்ணை வைத்திருந்தவர் ஒரு மில் முதலாளியின் மைத்துனர். பதினோராம் நாள் பாணி போய்விட்டான்.

காரியம் முடிந்த பிறகு நாச்சிமுத்து அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கேசட்டைப் போட்டு, நிரலைத் திரையில் வரவழைத்துக் காட்டினார். 10, 20, 30, 40, 50, 60. ரேண்டமைஸ் இல்லை.

“மறந்துட்டயே அம்மிணி. முந்தின நாளு மில்லுக்காரங்க வந்தாங்க, எப்படி ஓடுதுன்னு காட்டுன்னாங்க. நானும் வெகுளியாக் காட்டிப்போட்டேன். அஞ்சாறு தரம் நிறுத்திப் போட்டுப் பார்த்தாங்க. புடிச்சுக்கிட்டாங்க, அந்த நம்பரு டோக்கனையே எடுத்துப்போட்டாங்க. வெளிய தெரிஞ்சா உன்னைத்தான் கிழிப்பாங்க. நிரலை நான் எழுதினேன்னு சொல்லிக்கறேன். கேசட்டும் என்கிட்டயே இருக்கட்டும்.”

நான் அவர் காலில் விழுந்தேன். விழுந்தேன் என்பதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன். பாணியின் வார்டில் கண் சொக்கச் சொக்க எழுதிய நிரல், விட்டிருப்பேன் என்று நம்பினேன். என் மறதிதான் தம்பியைக் கொன்றது என்று நம்பியே கல்யாணம் செய்யாமல், சிரிப்பதற்குக்கூட அனுமதி கேட்டுக்கொண்டு வாழ்ந்தேன். அவர் அடுத்த மாதமே அந்த மில்லின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேனேஜராகப் போனார். கூடப்பிறந்த அண்ணன்கூட எனக்கு இப்படிச் செய்திருக்க மாட்டார் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

“துளசி,” என்றார் இப்போது. “நிரலைப் பாக்கறவங்க எவனுக்கும் ஒண்ணும் தெரியாது. உனக்குத் தெரியும். ஆறு வரி. இருக்கறதை இருக்கற மாதிரிப் படிச்சுட்டுப் போ. யந்திரத்தை நிறுத்திப் புதுசாப் போடு. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

“அது தப்பில்லைங்களாண்ணா? மீதி அறுநூத்து முப்பத்தொம்பது பேரு?”

“அறுவத்தோரு வருஷம் உன்னைக் காப்பாத்தினேன். ஒருநாளு நீ என்னைக் காப்பாத்தக் கூடாதா?” ஆடுகிற கையை மேசைமேல் வைத்து அமுக்கினார். டம்ளரும் சேர்ந்து ஆடியது. “சோறு திங்க முடியாமச் சாகறதுக்கு எனக்குப் பயமா இருக்குது அம்மிணி.”

பாவமாகத்தான் இருந்தது. தலையாட்டினேன்.

அவர் போனபின் கேசட்டைப் போட்டேன். வாசிப்பாளர் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும் என்பது விதி. கீச்சென்று ஓடி, ஆறு வரியும் வந்தன. ஓட்டினேன். 564. நிறுத்திப் போட்டு ஓட்டினேன். 564.

கேசட்டை வெளியே எடுத்து என்னையறியாமல் திருப்பினேன். அது என் பழக்கம். டேப் எப்போது சொதப்பும் என்று சொல்ல முடியாது, அதனால் எதை எழுதினாலும் இரண்டு பக்கத்திலும் பதிவேன். யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, சோம்பேறிகள், ஒரு பக்கத்துக்கே அலுத்துக்கொள்வார்கள். பி பக்கத்தைப் போட்டு ஓடவிட்டேன். நிரல் திரையில் இறங்கியது.

10. 15. 20. 30.

பதினைந்தாம் வரி ரேண்டமைஸ்.

பேசிக்கில் பத்துப் பத்தாக எண் கொடுப்பதே இதற்காகத்தான். நடுவில் ஏதாவது நினைவுக்கு வந்தால் செருக இடம் வேண்டும். நான் மறக்கவில்லை. பத்துக்கும் இருபதுக்கும் நடுவே நினைவு வந்து செருகியிருக்கிறேன். அந்த மொழியில் ஒரு வரியைக் கொல்வதும் சுலபம். அதன் எண்ணை மட்டும் அடித்து என்டர் தட்டினால் போதும், போய்விடும். பிணம்கூடக் கிடக்காது. பத்துக்கு அடுத்து இருபது வருவதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. நாச்சிமுத்து ஒன்று, ஐந்து, என்டர் என்று மூன்று தட்டுத் தட்டி, ஏ பக்கத்தின் மேல் பதிந்திருக்கிறார். பி பக்கம் ஒன்று இருப்பது அறுபத்தொரு வருடமாக அவருக்குத் தெரியவில்லை.

அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உள்ளங்கால் முதல் உச்சி வரை ஏறிய ஆத்திரம். பாணி செத்தது ஒரு கொலை. நான்தான் செய்தேன் என்று என்னை நம்பவைத்தது இன்னொரு கொலை. அந்த இரண்டாவதற்கு நான் காலில் வேறு விழுந்திருக்கிறேன்.

மறுநாள் கமிட்டிச் செயலாளர் நிறைமதியைக் கூப்பிட்டேன். முப்பது வயதுப் பெண், கண்டிப்பானவள்.

“குலுக்கலுக்கு எந்தப் பக்கத்தைப் போடணும்னு விதி ஏதாவது இருக்குதா கண்ணு?”

“பக்கமுங்களா? கேசட்டுல இருக்கற நிரலுன்னுதான் போட்டிருக்குதுங்கம்மா. சபையில வாசிச்சு, எழுதினவரு என்னோடதுதான்னு கையெழுத்துப் போட்டா சரிதானுங்க. ஏனுங், ஏதாவது குறையா?”

அவளிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு பக்கத்தையும் போட்டுக் காட்டியிருந்தால் விண்ணப்பத்தைக் கிழித்திருப்பார்கள், பத்திரிகையில் போட்டிருப்பார்கள். அவர் மன்னிப்புக் கேட்டிருப்பார். எண்பத்து நாலு வயதுக் கிழவர், கை ஆடுகிறது, ஜனங்கள் மன்னித்தும் இருப்பார்கள். எனக்கு அது வேண்டாம். நான் வார்டில் காத்திருந்தது போல அவரும் எண் வரும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டும். அப்புறம் அது வரக்கூடாது.

“குறை ஒண்ணுமில்லை கண்ணு,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கலையரங்கம் நிரம்பிவிட்டது. பனியன் கூட்டம் ஒரு பக்கம், நோயாளிகளும் வீட்டாரும் ஒரு பக்கம். ஆடுகிற கைகள், ஆடுகிற தலைகள். முன்வரிசையில் பொன்னாடையோடு நாச்சிமுத்து. என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் புன்னகைத்தேன். எண்பத்தொரு வயதில் அவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று எனக்கே தெரியாது.

மேடையில் நான் செய்தது ஒன்றுதான். கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

கீச்சுச் சத்தம் ஒலிபெருக்கியில் வந்ததும் பனியன்கள் கைதட்டினார்கள். நிரல் பெரிய திரையில் வந்தது. வாசித்தேன்.

“பத்தாவது வரி. திரையைத் துடை.”

சபை திருப்பிச் சொன்னது. அது வழக்கமாகியிருந்தது, பஜனையில் பின்பாட்டு மாதிரி.

“பதினைந்தாவது வரி.”

நாச்சிமுத்து நிமிர்ந்தார். புன்னகை அப்படியே முகத்தில் இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டார்.

“எண்களைக் கலை. அதற்கு ஒரு விதை எண் கேள்.”

சபை திருப்பிச் சொன்னது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மீதி வரிகளை வாசித்தேன். இருபது, எண்ணைத் தேர்ந்தெடு. முப்பது, திரையில் காட்டு. நாற்பது, அந்த டோக்கன் யாரிடமாவது இருக்கிறதா என்று கேள். ஐம்பது, இல்லையென்றால் இருபதுக்குப் போ. அறுபது, முடிந்தது. ஒவ்வொரு வரிக்கும் அவர் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், நிஜமாகவே நாக்கில் இனித்தது.

நிறைமதி தாளை நீட்டினாள். “ஐயா, இது உங்க நிரல்தானுங்களே?”

அவர் என்ன சொல்லிவிட முடியும்? பதினைந்தாம் வரி என்னுடையது இல்லை என்றால், உங்களுடையதில் ஏன் அது இல்லை என்று கேட்பார்கள். ஆறு வரிக்கும் ஏழு வரிக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்பார்கள். கடைசியில் உங்கள் டோக்கன் எண் என்ன என்று கேட்பார்கள்.

“ஆமாங்,” என்றார். கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

ஓடவிட்டேன். திரையில் வந்தது: விதை எண்?

“இந்த நிரலை எழுதினவரே விதையைப் போடட்டுமுங்க,” என்றேன் ஒலிபெருக்கியில். “அதுதான் மரியாதை.”

கலையரங்கம் முழுக்கக் கைதட்டல். இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிவந்தார்கள். விசைப்பலகையின் முன்னால் நின்றார். ஒருகணம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது, கெஞ்சல் இருந்தது, பிறகு திடீரென்று ஒரு தெளிவு வந்தது. நான் எதிர்பார்த்துக் காத்திருந்தது அதைத்தான்.

ஐந்து என்று தட்டினார். விரல் நழுவியது. அழித்துவிட்டு மறுபடி ஐந்து. ஆறு. நாலு. என்டர்.

திரையில் 312 வந்தது.

பின்வரிசையில் யாரோ வீறிட்டார்கள். சூலூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண். டோக்கனைத் தூக்கிக் காட்ட முடியாமல் கை ஆட, அவள் மகள் அந்தக் கையைப் பிடித்து உயர்த்தினாள். சாப்பாட்டுக் கூடை கவிழ்ந்து எலுமிச்சை சாதம் தரையெல்லாம் சிதறியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் மேடைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடை ஒரு தோளில் தொங்கியது.

“துளசி, ஐநூத்து அறுவத்து நாலைப் போட்டா அதுதான வரணும்?”

“வேப்பங்கொட்டையைப் போட்டா வேப்பங்கொட்டையேவா மொளைக்குது? கணக்குப் போட்டு வேற எண்ணு வருமுங்ணா. அறுவத்தோரு வருஷமா அந்த நிரலை நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே, இதுகூடத் தெரியலையா?”

சரிந்த பொன்னாடையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“குறை இருந்தா மேடைக்குப் போங்க. நிறைமதி இன்னும் அங்கதான் இருக்கறா. ஏன் 564 வரலைன்னு கேளுங்க.”

“பி பக்கமா?” என்றார் மெதுவாக.

“ரெண்டு பக்கமும் பதியறது என்னோட பழக்கம்.”

ஆடுகிற கையை மடியில் வைத்து அமுக்கினார். “பாணிக்கு அந்தளவுக்கு முத்திப்போச்சுன்னு எனக்குத் தெரியாதம்மிணி. மில்லு வேலை கெடைக்கும்னாங்க. எனக்கு மூணு தங்கச்சி...”

“எனக்கு ஒரே தம்பி,” என்றேன். “மன்னிக்கலீங்ணா. உங்களுக்குத் தொண்டையில சோறு எறங்காத அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க. அன்னைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா வந்து பாத்துட்டுப் போறேன்.”

நடந்து வெளியே வந்தேன். வெயில் சுள்ளென்று இருந்தது. வாசலில் பனியன் போட்ட ஒருவர் என்னை நிறுத்தி, அந்தக் காலத்து நிரல்களில் இருந்த நேர்மையே தனி அம்மா என்று கண் கலங்கினார். ஆமாங் என்றேன்.

இதுவரை எழுதியதை யார் படித்தாலும் என் பக்கம்தான் பேசுவார்கள். அதனால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்.

அவர் 564 தட்டுவார் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதருக்கு விடைதான் தெரியும், கணக்குத் தெரியாது. பதறினால் தெரிந்த எண்ணைத்தான் தட்டுவார். ஆனால் அந்த விதைக்கு என்ன வரும் என்று பார்க்காமல் நான் மேடையேறுவேனா? தப்பித்தவறி 564-ஏ வந்துவிட்டால்? வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு யந்திரத்தைப் போட்டு, பி பக்கத்தை ஏற்றி, விதை எண் கேட்டபோது 564 என்று அடித்தேன். 312 வந்தது. நிம்மதியாக இருந்தது.

அறுநூற்று நாற்பது பேருடைய பட்டியல் என் மேசைமேல்தான் கிடந்தது. 312 யாருடையது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று அதன்மேல் டேப் ரிக்கார்டரைத் தூக்கி வைத்தேன். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. எனக்கும் நாச்சிமுத்துவுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். எவ்வளவு யோசித்தாலும் அதற்குமேல் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. 1986-ல் அவரும் முதலில் எண்ணை மட்டும்தான் பார்த்திருப்பார். பட்டியலைப் பிறகுதான் எடுத்திருப்பார்.

அடுத்த வருடத்துப் பட்டியல் தை மாதம் வரும். வாசிப்பாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாகக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.